மேசைக்கு எத்தனை அங்குலத் திரை?

கணினித் திரையின் அளவு என்று கடையில் சொல்லப்படும் அங்குலம், அதன் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரையுள்ள சாய்வு நீளம். அகலமும் உயரமும் அந்த எண்ணுக்குள் மறைந்திருக்கின்றன. இன்று விற்பனையாகும் திரைகளில் பெரும்பாலானவை 16-க்கு 9 என்ற விகிதத்தில் அமைந்தவை. அந்தக் கணக்கில் 24 அங்குலத் திரை 53 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டது. 27 அங்குலம் என்றால் 60-க்கு 34; 32 அங்குலம் என்றால் 71-க்கு 40; 43 அங்குலம் என்றால் 95-க்கு 53. இருபத்துநான்கிலிருந்து நாற்பத்துமூன்றுக்குப் போவது இரட்டிப்பைவிடக் குறைவு என்றுதான் காதில் விழும். பரப்பளவில் அது மூன்று மடங்குக்கும் அதிகம். மேசையில் இடம் பிடிப்பதும் கண்ணுக்கு முன்னால் நிற்பதும் இந்தப் பரப்பளவுதான்.

பெரிய திரைக்கான ஆசை புதிதல்ல. 1981-இல் வந்த ஐ.பி.எம். தனிக்கணினியின் எழுத்துத் திரையில் வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 25 வரி. அதற்குமேல் பார்க்க வேண்டுமானால் பக்கத்தை உருட்ட வேண்டும். குழாய்த் திரைகளின் காலத்தில் பெருக்க நினைத்தவர்களை எடை தடுத்தது. சோனி விற்ற 24 அங்குலக் குழாய்த் திரையொன்று 42 கிலோ. அதை மேசையில் ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும், மேசையும் உறுதியாக இருக்க வேண்டும். தட்டைத் திரை வந்தபின் அந்தத் தடை விலகியது. 2004-இல் ஆப்பிள் 30 அங்குலத் திரையை வெளியிட்டது. 2017-இல் சாம்சங் 49 அங்குல அகலத்திரையையும், 2022-இல் 55 அங்குல வளைதிரையையும், 2023-இல் 57 அங்குலத் திரையையும் கொண்டுவந்தது. எடை குறைந்துவிட்டது, விலையும் மெல்ல இறங்குகிறது. கழுத்தும் கண்ணும் மட்டும் 1981-இல் இருந்த அதே அளவில் இருக்கின்றன.

பெரிய திரையால் வேலை வேகமாக நடக்கிறதா என்பதை ஆராய்ந்திருக்கிறார்கள். மைக்ரோசொப்ட் ஆய்வுக்கூடத்தில் மேரி செர்வின்ஸ்கியும் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், மிக அகலமான வளைதிரையில் பல சாளரங்களைத் திறந்து வேலை செய்தவர்கள் சிறிய திரையில் செய்தவர்களை முந்தினார்கள். அவர்களுக்கு அந்தத் திரை பிடித்தும் இருந்தது. ஆனால் அங்கே ஒப்பிடப்பட்ட சிறிய திரை 15 அங்குலம் என்பதைக் கவனிக்க வேண்டும். பதினைந்துக்கு எதிரே எது வைத்தாலும் வெல்லும். 2008-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம் செய்த ஆய்வு இன்னும் பயனுள்ளது. 18 அங்குலத் திரையில் வேலை செய்தவர்களைவிட 24 அங்குலத் திரைக்காரர்கள் 52 வீதம் வேகமாக முடித்தார்கள். இரண்டு 20 அங்குலத் திரைகளை வைத்திருந்தவர்கள் 44 வீதம். 26 அங்குலத்துக்குப் போனபோது வேகம் திரும்பக் குறைந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது திரை தயாரிக்கும் என்.ஈ.சி. நிறுவனம். பெரிய திரையை விற்க விரும்பும் ஒரு நிறுவனத்தின் பணத்தில் நடந்த ஆய்விலேயே ஒரு கட்டத்துக்குமேல் ஆதாயம் இறங்குவது தெரிந்தது என்பதால் அந்த முடிவை நம்பலாம். 26 என்ற எண்ணை மட்டும் வேதவாக்காக எடுக்கத் தேவையில்லை. அன்றைய திரைகளின் கூர்மையும் மென்பொருளும் வேறு.

ஆதாயம் எங்கே கூடுகிறது, எங்கே தேங்குகிறது என்பதைச் சாதாரணக் கணக்கிலேயே காணலாம். 15.6 அங்குல மடிக்கணினித் திரை 34 சென்ரிமீற்றர் அகலம், 19 சென்ரிமீற்றர் உயரம். ஏ4 தாளின் உயரம் 29.7 சென்ரிமீற்றர். ஆகவே மடிக்கணினியில் ஒரு கடிதத்தை உண்மையான அளவில் முழுதாகப் பார்க்க முடியாது. மேலே பெயரைப் பார்த்தால் கீழே கையெழுத்துப் போடும் இடம் தெரியாது. 24 அங்குலத் திரையின் உயரம் கிட்டத்தட்ட ஏ4 தாளின் உயரமேதான். மெனுப் பட்டிகளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் இரண்டு தாள்களை அருகருகே வைத்து ஒன்றைப் பார்த்து மற்றதைத் திருத்தலாம். பிரதேச செயலகத்தில் இரண்டு பயனாளிகள் பட்டியலை ஒப்பிடுபவருக்கும், பாடசாலையில் புள்ளிப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றும் ஆசிரியருக்கும் இந்தப் படி மிகப் பெரியது. எக்செல் தாளில் வழக்கமான நிரல் 64 பிக்சல் அகலம், நிரை 20 பிக்சல் உயரம். 1920-க்கு 1080 பிக்சல் கொண்ட திரையில் ஏறத்தாழ 29 நிரல்கள் கிடைக்கும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பின் பெயர்ப்பட்டியலும் அநேகமாக உருட்டாமலே தெரியும். மடிக்கணினியிலிருந்து 24-க்கு வருவதுதான் பெரிய பாய்ச்சல். 24-இலிருந்து 27-க்கும், 27-இலிருந்து 32-க்கும் போவது வசதி. அதற்குமேல் போவது யாருக்கு, எதற்கு என்று கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

அங்குலத்தோடு பிக்சல் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் பெரிய திரை ஏமாற்றிவிடும். திரை என்பது புள்ளிகளாலான ஒரு கட்டம். 1920-க்கு 1080 பிக்சல் உள்ள 24 அங்குலத் திரையில் ஒரு புள்ளியின் அகலம் 0.28 மில்லிமீற்றர். அதே எண்ணிக்கையை 32 அங்குலத்தில் பரப்பினால் புள்ளி 0.37 மில்லிமீற்றராகிறது. திரை பெருத்தது, உள்ளே இருக்கும் சரக்கு அதேதான். நல்ல பார்வையுள்ள கண் 60 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து ஏறத்தாழ 0.17 மில்லிமீற்றர் இடைவெளியைப் பிரித்தறியும். அதைவிடப் பெரிய புள்ளிகள் எழுத்தின் ஓரத்தில் படிக்கட்டாகத் தெரியும்.

ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்தில் இது கூடுதலாக உறைக்கும். தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். ‘ன’வுக்கு இரண்டு சுழி, ‘ண’வுக்கு மூன்று. பன்னிரண்டு புள்ளி அளவிலான எழுத்துரு வழக்கமான திரையில் 16 பிக்சல் உயரக் கட்டத்துக்குள் வரையப்படுகிறது. மூன்று சுழியும், அவற்றின் இடைவெளிகளும், தலைக்குமேல் ஒரு மெய்ப்புள்ளியும் அந்தச் சில பிக்சல்களுக்குள் நெருக்கியடித்து உட்கார வேண்டும். ‘ஞூ’, ‘ணூ’, ‘க்ஷ’ போன்றவை சாம்பல் கறையாகிவிடும்; ‘கண்’ என்பதும் ‘கன்’ என்பதும் ஓரக்கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். கலியாணக் கார்டில் மாப்பிள்ளையின் தகப்பன் பெயரில் ஒரு சுழி குறைந்து அச்சாகி வருவதற்கு எழுத்துக்கோப்பவரின் கவனக்குறைவு மட்டும் காரணமல்ல.

இங்கே 32 அங்குல 4கே திரை என்ன செய்கிறது என்பதைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். 4கே என்றால் 3840-க்கு 2160 பிக்சல். அதில் விண்டோஸ் அமைப்பில் எழுத்தளவை 150 வீதத்துக்கு ஏற்றினால் அதே பன்னிரண்டு புள்ளி எழுத்து 24 பிக்சலில் வரையப்படும். ஒவ்வொரு பிக்சலும் 0.18 மில்லிமீற்றர் என்பதால் எழுத்தின் உயரம் 4.4 மில்லிமீற்றர். 24 அங்குலச் சாதாரணத் திரையிலும் அந்த எழுத்தின் உயரம் அதே 4.4 மில்லிமீற்றர்தான். ஆக எழுத்து பெருக்கவில்லை. ஆனால் அதை வரைய இரண்டேகால் மடங்கு புள்ளிகள் கிடைத்தன. ‘ண’வின் மூன்று சுழியும் தனித்தனியாக நிற்கின்றன. இடமும் கூடுதலாகக் கிடைக்கிறது. பெரிய திரையின் உண்மையான பலன் இதுபோன்ற சேர்க்கையில்தான் இருக்கிறது. 32 அங்குலத்தில் 1920-க்கு 1080 மட்டுமே உள்ள மலிவுத் திரை இதற்கு நேர் எதிர். அதை வாங்குவதைவிட 24 அங்குலத்தோடு நிற்பது மேல்.

ஒரு சிக்கலும் இருக்கிறது. தமிழ் அச்சகங்களில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் ஓடுகிறது. பாமினி எழுத்துருவில் இருபது வருடமாகச் சேர்த்த கோப்புகள் அதில்தான் திறக்கும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. 4கே என்ற ஒன்று வரப்போவது அதற்குத் தெரியாது. திரையை 150 வீதத்துக்கு வைத்தால் விண்டோஸ் அந்தப் பழைய மென்பொருளின் படத்தை இழுத்துப் பெரிதாக்குகிறது, எல்லாம் மங்கலாகிவிடும். 100 வீதத்தில் விட்டால் மெனு எழுத்து எறும்பு அளவுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட இடத்துக்கு 2560-க்கு 1440 பிக்சல் கொண்ட 27 அங்குலத் திரையே பொருத்தம். விசித்திரமாக, 43 அங்குல 4கே திரைக்கும் இங்கே ஒரு நியாயம் கிடைக்கிறது. அதில் ஒரு பிக்சல் 0.25 மில்லிமீற்றர் என்பதால் 100 வீதத்திலேயே எல்லாம் படிக்கும் அளவில் தெரியும். இருபத்தொன்றரை அங்குலத் திரைகள் நான்கை இடைச்சட்டமில்லாமல் ஒட்டியதற்குச் சமம் அது.

அப்படியானால் எல்லோரும் 43-க்குப் போகலாமே என்ற கேள்விக்கு மேசைதான் பதில் சொல்லும்.

வழக்கமான எழுத்து மேசையின் ஆழம் 60 சென்ரிமீற்றர். பிள்ளைகளின் படிப்பு மேசைகள் இன்னும் குறுகியவை. திரையின் நிலைத்தாங்கி 20, 25 சென்ரிமீற்றரைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் வயருக்குக் கொஞ்சம் இடைவெளி வேண்டும். எப்படி ஒதுக்கினாலும் கண்ணுக்கும் திரைக்கும் இடையில் 50, 55 சென்ரிமீற்றர்தான் மிஞ்சும். திரைக்கும் கண்ணுக்கும் இடையில் 50 முதல் 100 சென்ரிமீற்றர் வரை இருக்கலாம் என்பது வேலைத்தள நலத்துக்கான பொது அளவு. 24 அங்குலத் திரைக்கு அந்த அளவின் கீழ்விளிம்பே போதும். 43 அங்குலத்துக்கு 80, 90 சென்ரிமீற்றராவது வேண்டும். அதற்கு மேசையின் ஆழம் ஒரு மீற்றரைத் தொட வேண்டும், அல்லது திரையைச் சுவரில் அறைய வேண்டும்.

உயரக் கணக்கு இன்னும் கறாரானது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். பார்வை இயல்பாகத் தாழ்ந்தே விழுவது. சராசரி உயரமுள்ள ஒருவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் அவர் கண் மேசைப் பலகையிலிருந்து 42 முதல் 50 சென்ரிமீற்றர் வரை உயரத்தில் இருக்கும். திரையின் கீழ்விளிம்பு பலகையிலிருந்து பத்து சென்ரிமீற்றர் மேலே இருப்பதாக வைத்துக்கொண்டால் 27 அங்குலத் திரையின் மேல்விளிம்பு 44-இல் வந்து நிற்கிறது, சரியான இடம். 32 அங்குலம் 50-இல் நிற்கிறது, எல்லையில். 43 அங்குலம் 63-ஐத் தாண்டிவிடுகிறது. திரையின் மேல் கால்பகுதியைப் பார்க்க ஒவ்வொரு முறையும் நாடியை உயர்த்த வேண்டும். மெனுப் பட்டியும் உலாவியின் முகவரிப் பட்டியும் உட்கார்ந்திருப்பது அந்த மேல்பகுதியில்தான். காலையில் தெரியாது. பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு பிடரியில் தெரியும்.

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இது இரட்டிப்பு. கிட்டப் பார்ப்பதற்கான வலு கண்ணாடி வில்லையின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. இரட்டைக் குவியக் கண்ணாடி போட்டவர் எதிரே உயரத்தில் இருக்கும் எழுத்தை வாசிக்க, வில்லையின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கவேண்டித் தலையைப் பின்னால் சாய்ப்பார். சின்னத் திரையில் லேசாகச் சாய்த்தால் போதும். பெரிய திரையில் கூரையைப் பார்ப்பவர்போல் உட்கார வேண்டியிருக்கும். கணினி வேலைக்கென்று ஒரே வலுவில் தனிக் கண்ணாடி எடுப்பது இதற்குத் தீர்வு. அதன் செலவையும் திரையின் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

கண் உலர்வதும் பார்வையின் உயரத்தோடு தொடர்புடையது. திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைகிறது. மேல்நோக்கிப் பார்க்கையில் இமைகள் அகலத் திறந்து கண்ணின் ஈரப்பரப்பு அதிகமாகக் காற்றில் படுகிறது. இலங்கையின் கிழக்குக் கரையில் கச்சான் காற்று வீசும் காலத்தில், தலைக்குமேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்ற, உயரமான திரையை அண்ணாந்து பார்த்தபடி வேலை செய்பவரின் கண் எரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

உயரத்தின் தொல்லையைத் தவிர்க்கவென்றே அகலத்திரைகள் வந்தன. 49 அங்குல அகலத்திரையின் உயரம் 34 சென்ரிமீற்றர், அதாவது 27 அங்குலத் திரையின் உயரமேதான். அகலம் ஒரு மீற்றர் இருபது. இரண்டு 27 அங்குலத் திரைகளை ஒட்டவைத்ததற்குச் சமம். கழுத்து இப்போது மேலும் கீழும் ஆடாது; பக்கவாட்டில் ஆடும். 70 சென்ரிமீற்றர் தூரத்தில் நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு அதன் ஓரம் 40 பாகைக்கு அப்பால் விழும். கண்ணை மட்டும் திருப்பி வசதியாகப் பார்க்கக்கூடிய எல்லைக்கு அது வெளியே. தலையைத் திருப்பியாக வேண்டும். தூரமும் மாறுகிறது. தட்டையான திரையாக இருந்தால் நடு 70 சென்ரிமீற்றரிலும் ஓரம் 92 சென்ரிமீற்றரிலும் இருக்கும். ஒவ்வொரு தடவையும் கண் குவியத்தை மாற்ற வேண்டும்.

இத்தகைய திரைகளை வளைப்பதற்குக் காரணம் இதுவே. 1000ஆர் என்று எழுதியிருந்தால் ஒரு மீற்றர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டு என்று பொருள். அந்த வட்டத்தின் மையத்தில் கண் இருந்தால் திரையின் எல்லாப் பகுதியும் ஒரே தூரத்தில். விளையாட்டுக்கும் திரைப்படத்துக்கும் வளைவு நன்று. நில அளவை வரைபடமும் வீட்டு வரைபடமும் வரைபவருக்கு நேர்கோடு வளைந்து தெரிவது தொல்லை. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கோ அது இன்னும் மோசம். அக்கரைப்பற்றுக் கடைத்தெருவிலோ கல்முனையிலோ உள்ள ‘கொம்யூனிகேஷன்’ கடையில் கார்ட் அடிக்க வரும் குடும்பம் எழுத்துக்கோப்பவரின் தோளுக்குப் பின்னால் வரிசையாக நின்றுதான் பெயர்களைச் சரிபார்க்கும். வளைதிரைகளில் பல வி.ஏ. வகை, நேரே பார்ப்பவருக்குப் பளிச்சென்று இருக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். மாமாவுக்குத் தெரியும் சிவப்பும் மருமகனுக்குத் தெரியும் சிவப்பும் வேறாகிவிட்டால் ஓடருக்கு ஆபத்து. அந்தக் கடைகளுக்கு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐ.பி.எஸ். வகைத் தட்டைத் திரை, 27 அல்லது 32 அங்குலத்தில், போதும்.

பெரிய திரையில் மென்பொருள் சார்ந்த எரிச்சல்களும் உண்டு. மவுஸ் அம்பு எங்கே போனதென்று தெரியாமல் தேடுவது அவற்றில் முதலாவது. மைக்ரோசொப்ட் ஆய்வாளர்களே இதைப் பெரிய திரைகளின் குறைகளில் ஒன்றாகக் குறித்திருக்கிறார்கள். கன்ட்ரோல் விசையை அழுத்தினால் அம்பைச் சுற்றி வட்டம் தோன்றும் வசதி விண்டோஸில் இருக்கிறது, அதை இயக்கிவைக்க வேண்டும். ஒரு சாளரத்தை முழுத்திரைக்கு விரித்தால் ஒரு வரி ஒரு மீற்றர் நீளத்துக்கு ஓடும். அப்படி யாரும் வாசிப்பதில்லை. ஆகவே பெரிய திரையை வாங்கியவர் அதைப் பாகம் பிரித்துப் பயன்படுத்தப் பழக வேண்டும். விண்டோஸ் விசையோடு அம்பு விசையை அழுத்தினால் சாளரம் பாதித் திரைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். 2021-இல் வந்த விண்டோஸ் 11-இல் மூன்று, நான்கு பாகங்களுக்கும் வழியுண்டு. பாகம் பிரித்தால் ஒரு பாகத்தில் வட்ஸ்அப் வந்து குடியேறும். அப்போது கூடிய வேகம் அந்தப் பாகத்தின் வழியாக வடிந்துவிடும்.

இந்தக் கிழக்குக் கரையில் பெரிய திரை என்று பலர் மனதில் வைத்திருப்பது 43 அங்குலத் தொலைக்காட்சியைத்தான். காரணம் எளிது: அந்த அளவு 4கே தொலைக்காட்சி, 32 அங்குல 4கே கணினித் திரையைவிடப் பெரும்பாலும் மலிவு, தவணை முறையிலும் கிடைக்கும். பிக்சல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் தொலைக்காட்சி சில இடங்களில் குறுக்குவழி எடுக்கிறது. படம் பார்ப்பதற்கு நிற விவரம் பாதி, கால் இருந்தாலே கண் ஏற்றுக்கொள்ளும் என்பதால் பல தொலைக்காட்சிகள் நிறத்தைக் குறைந்த நுணுக்கத்திலேயே கையாளுகின்றன. வெள்ளையில் கறுப்பு எழுத்து தப்பித்துவிடும். மஞ்சளில் சிவப்பு எழுத்து, பச்சையில் பொன்னிற எழுத்து என்று வரும்போது ஓரங்கள் கரைந்து வழியும். ஆலையடிவேம்பில் கலியாணக் கார்டும் அக்கரைப்பற்றில் நிக்காஹ் கார்டும் அடிக்கும் கடைக்கு இந்த இரண்டு சேர்க்கையும் அன்றாடச் சோறு. சில தொலைக்காட்சிகளில் உள்ளீட்டைக் கணினி என்று பெயர் மாற்றி வைத்தால் இந்தக் குறை நீங்கும், சிலவற்றில் நீங்காது. வாங்குமுன் கடையிலேயே மடிக்கணினியைச் செருகி, நிறப் பின்னணியில் நிற எழுத்தை அடித்துப் பார்ப்பதுதான் வழி.

தொலைக்காட்சியின் ஒளியும் அறையின் மறுமூலையிலிருந்து பார்ப்பதற்கு அளக்கப்பட்டது. அதை அரை மீற்றரில் வைத்துக்கொண்டு கண் கூசுகிறது என்று குறைப்படுவோர் முதலில் வெளிச்சத்தைப் பாதிக்குமேல் குறைக்க வேண்டும்.

மின்சாரம் தனிக் கணக்கு. 24 அங்குலத் திரை ஏறத்தாழ 20 வாட் எடுக்கும். 43 அங்குல 4கே திரை வெளிச்சத்தைப் பொறுத்து 60, 80 வாட். நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், மாதம் 25 நாள் என்றால் முதலாவதுக்கு 4 அலகு, இரண்டாவதுக்கு 12 முதல் 16 அலகு. தொகை சிறிதுதான். ஆனால் இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 அலகுக்குள் நின்ற வீடு அந்தக் கோட்டைத் தாண்டினால் முன்னைய அலகுகளின் விலையும் மாறிவிடும். கோட்டுக்கு அருகில் இருக்கும் வீட்டுக்குப் பத்து அலகு பெரிது. 2022 மார்ச் கடைசியில் நாள் ஒன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தைக் கண்டவர்கள் யூ.பி.எஸ். இல்லாமல் கணினி வைப்பதில்லை. சிறிய யூ.பி.எஸ்-க்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி மின்கலம் ஒன்று. தாளில் 84 வாட்-மணி, நடைமுறையில் அதைவிடக் குறைவு. பெரிய திரையை அதில் செருகினால், கோப்பைச் சேமித்து அணைப்பதற்குக் கிடைக்கும் நிமிடங்கள் குறைந்துவிடும்.

வெளிச்சமும் பூச்சியும் இந்தக் கரைக்கே உரியவை. கடலைப் பார்த்த யன்னலுக்கு எதிரே திரையை வைத்தால் காலை ஒன்பது மணிவரை அதில் யன்னல்தான் தெரியும். பரப்புக் கூடக் கூடப் பிரதிபலிப்பும் கூடும். யன்னல் பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்ப வேண்டும். வயலோரத்து வீடுகளில் நெற்பயிர்க் காலத்து இரவுகளில் தத்துப்பூச்சிகள் விளக்கைத் தேடி வரும். ஒரு மீற்றர் அகலத் திரை அவற்றுக்கு நல்ல விளக்கு. மிகச் சிறிய பூச்சி திரையின் ஒளிப்பரப்பிக்குள் புகுந்து செத்தால் நிரந்தரக் கரும்புள்ளியாக நின்றுவிடும். அதை வெளியே எடுக்கப் பலகத்தையே பிரிக்க வேண்டும். இருட்டிய பின் யன்னல் வலையை மூடுவதோடு அறையில் வேறொரு விளக்கையும் எரியவிடுவது நல்லது.

பெரிய திரைக்கு மாற்றாக இரண்டு சாதாரணத் திரைகளை வைக்கலாம். விலை குறைவு, ஒன்று பழுதானால் மற்றதில் வேலை ஓடும். ஒன்றை நிமிர்த்திச் செங்குத்தாக வைத்தால் 53 சென்ரிமீற்றர் உயரம் கிடைக்கும். நீண்ட ஆவணத்துக்கும் சஞ்சிகைப் பக்கத்துக்கும் அது ஏற்றது. இரண்டையும் சமமாக நடுவில் சேர்த்துவைப்பது பொதுவான பிழை. அப்படி வைத்தால் நேரே இருப்பது இடைச்சட்டம். தலை நாள் முழுக்க ஒரு பக்கமே திரும்பியிருக்கும். அதிகம் பார்க்கும் திரை நேரே, மற்றது பக்கத்தில் கொஞ்சம் சாய்வாக.

மிகப் பெரிய திரை உண்மையிலேயே தகும் இடங்களும் இல்லாமலில்லை. கலியாண வீடியோ வெட்டி ஒட்டும் ஸ்டூடியோவில் காலக்கோடு நீளவாக்கில் ஓடுவது. 34 அங்குல அகலத்திரை, 80 சென்ரிமீற்றர் அகலத்தோடு, அங்கே உருட்டும் வேலையைக் குறைக்கும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்து நிரல் எழுதும் இளைஞர்களுக்கும், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வரைபடங்களோடும் தரவுகளோடும் மாரடிக்கும் மாணவர்களுக்கும் 32 அங்குல 4கே நல்ல முதலீடு. இவர்களைவிட அதிகம் பயன்பெறுபவர் பார்வை குன்றியவர். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்ட ஒருவர் எழுத்தை இரண்டு மடங்காக்கினால் சிறிய திரையில் சில வரிகள்தான் மிஞ்சும். 43 அங்குலத்தில் அதே பெருக்கத்தோடு ஒரு பக்கத்தின் பெரும்பகுதி தெரியும். அவர் திரைக்குக் கிட்டப்போய்ப் பார்க்கவும் வேண்டும் என்பதால் நீட்டி மடக்கும் உலோகக் கையில் பொருத்துவது உதவும். சாதாரணக் கைகள் 8, 9 கிலோவுக்குமேல் தாங்குவதில்லை. திரையின் எடையைப் பார்த்து வாங்க வேண்டும்.

வாங்குமுன் செய்யக்கூடிய சோதனை ஒன்றுக்குச் செலவே இல்லை. குளிர்சாதனப்பெட்டி வந்த மட்டையை விரித்து 95-க்கு 53 சென்ரிமீற்றர் வெட்டி, மேசையில் திரை வரும் இடத்தில் நிறுத்திவைக்கலாம். அதன் நான்கு மூலைகளிலும் பத்திரிகைத் துண்டு ஒவ்வொன்றை ஒட்டி, வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்று மாற்றி ஒன்றாக வாசித்தால் கால்மணி நேரத்துக்குள் கழுத்து தன் முடிவைச் சொல்லிவிடும். சங்கடமாக இருந்தால் 71-க்கு 40 ஆக வெட்டிக் குறைத்து மறுபடியும் பார்க்கலாம்.

கணினியின் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 துளை 4கே படத்தை விநாடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கும். மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகரும். எச்.டி.எம்.ஐ. 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இருந்தால் 60 தடவை. கொழும்பிலிருந்து கூரியரில் வரவழைக்கும் திரையைப் பெட்டி திறக்கும் வேளையிலிருந்து கைப்பேசியில் பதிவுசெய்து, முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து நிறத்தையும் திரையில் நிரப்பி, செத்த பிக்சலோ விரிசலோ உண்டா என்று அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். பலகம் உடைந்தால் அதை மாற்றும் செலவு புதுத் திரையின் விலையை நெருங்கும். பெட்டியையும் உள்ளே இருந்த ரெஜிபோமையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை எறியக்கூடாது. அவை இல்லாமல் 43 அங்குலத் திரையைத் திருப்பி அனுப்ப எந்தக் கூரியரும் பொறுப்பேற்காது.